பாடும் மீனுக்கு ஹெட்போன் மாட்டினால் அது ஓவியமா?

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். அவருடைய தம்பி டெப்லெட்டில் படம் கீறுகிறாராம். பாடும் மீனுக்குப் பெயர்போன கல்லடிப் பாலத்துக்குக் கீழே ஹெட்போன் மாட்டிய மீன், ரோஸ் நிறப் பின்னணியில் அடுக்கி வைத்த மீன்ரின்கள், கூலிங்கிளாஸ் போட்ட நாட்டுக்கூத்து ராசா. முகநூலில் நல்ல வரவேற்பு. அண்மையில் பார்த்த ஒரு கண்காட்சியிலும் இதே சாயலில் பெரிய கன்வஸ் ஓவியங்கள் இருந்தன, விலையும் பெரிது. சித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "இது போர்ட் எழுதுற வேலை." இப்படிப்பட்ட படங்களை எப்படிப் பார்ப்பது, நல்லதை எப்படிப் பிரித்தறிவது, ஒன்று வாங்கி வீட்டில் மாட்டலாமா என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, அப்பாவின் பேச்சிலிருந்தே தொடங்குவோம். அவர் ஏச்சாகச் சொல்லியிருப்பார். ஆனால் சரித்திரத்தைப் புரட்டினால் அவர் சொன்னது அப்படியே உண்மை. அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட் நியூயோர்க் டைம்ஸ் சதுக்கத்தில் உயரத்தில் நின்று விளம்பரப் பலகை வரைந்து பிழைத்தவர். எம். எஃப். ஹுசைன் பம்பாயில் சினிமா பனர் வரைந்தவர். அன்டி வோர்ஹோல் 1950களில் சப்பாத்துக் கம்பனிக்கு விளம்பரப் படம் கீறிப் பெயரெடுத்த ஆள். கடைச் சாமான், விளம்பரம், கொமிக்ஸ் என்று தினமும் காண்பதையே ஓவியமாக்கியதைப் பொப் கலை என்று இன்றைக்குப் புத்தகத்தில் படிக்கிறோம். அதன் ஆட்கள் சிலர் இப்படிப்பட்ட போர்ட், விளம்பர வேலையிலிருந்துதான் வந்தார்கள். சித்திரம் படிப்பிக்கப் போகுமுன் நானும் கல்முனையில் ஒரு ஸ்கிரீன் பிரிண்ட் கடையில் மை இழுத்தவன்தான். அதனால் அந்தப் பேச்சு எனக்கு ஏச்சாகப் படுவதில்லை.

அப்பாவின் கேள்வியை அமெரிக்காவில் 1962இலேயே கேட்டுவிட்டார்கள். அந்த வருடம் ஜூலையில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் ஃபெரஸ் என்ற சிறிய கலைக்கூடத்தில் வோர்ஹோல் 32 கன்வஸ்களைக் காட்சிக்கு வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்பெல் சூப் ரின். 32 வகைச் சூப், 32 படம். பலசரக்குக் கடைத் தட்டில் அடுக்கியதைப் போல ஒரே வரிசையில் வைத்தார்கள். பக்கத்திலிருந்த இன்னொரு கலைக்கூடக்காரர் உண்மையான சூப் ரின்களை யன்னலில் அடுக்கி, "எங்களிடம் அசலே மலிவாகக் கிடைக்கும்" என்ற தோரணையில் பகிடி பண்ணினார். நல்ல பகிடிதான். மறுகா 1996இல் அந்த 32 படங்களும் சேர்ந்து நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆகவே அது நல்ல படம் என்று நான் சொல்ல வரவில்லை. பகிடி பண்ணியவர் ஒரு விஷயத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த ரின்கள் அச்சடித்தவை போல இருந்தாலும் கையால் வரைந்தவை. அடியில் வரும் பூ வேலைப்பாட்டைக்கூடக் கையால் அச்சுக்குத்தி எடுத்திருக்கிறார். யந்திரம் ஒரு நிமிடத்தில் செய்வதை ஒரு மனிதன் குந்தியிருந்து 32 தரம் செய்திருக்கிறான். ஏன் என்ற கேள்வி பார்க்கிறவனுக்கு வர வேண்டும். அது வந்தால் படம் வேலை செய்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். இந்த வகைப் படங்களில் "அட, இது எனக்குத் தெரிந்த சாமானாச்சே" என்ற சந்தோஷம் இலவசமாக வருகிறது. சன்லைட் சவர்க்காரம், மலிபன் பிஸ்கட் பெட்டி, பாலம், ராணி கொமிக்ஸ், எதை வரைந்தாலும் அந்தச் சந்தோஷம் வரும். அதை ஓவியர் உழைத்துச் சம்பாதிக்கவில்லை. அந்தச் சாமான் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்ததை எடுத்துச் செலவழிக்கிறார். அது இரண்டு நொடியில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் படத்தில் பார்க்க ஏதாவது இருக்கிறதா? ஓவியர் எதை எடுத்தார், எடுத்ததில் எதை மாற்றினார்? நான் எந்தப் படத்துக்கு முன்னால் நின்றாலும் இதைத்தான் தேடுவேன். முகநூல் விருப்பக்குறி பெரும்பாலும் அந்த முதல் இரண்டு நொடிக்குக் கிடைப்பது. தம்பியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மாற்றுவது என்றால் என்னவென்று ஒரு படத்தைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். ரோய் லிக்டென்ஸ்டைன் 1963இல் வரைந்த "மூழ்கும் பெண்". நீல மயிர், கண்ணில் நீர், சுற்றிலும் சுருண்டு வரும் அலை. மூழ்கினாலும் மூழ்குவேன், பிராட்டை உதவிக்குக் கூப்பிட மாட்டேன் என்று தலைக்கு மேலே குமிழில் எழுதியிருக்கும். படம் அவருடைய கற்பனையில் பிறந்ததில்லை. அதற்கு முந்திய வருடம் வந்த ஒரு காதல் கொமிக்ஸில் டோனி அப்ரூட்சோ கீறிய ஒரு கட்டத்திலிருந்து எடுத்தது. மூலக் கட்டத்தில் பின்னால் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்தபடி காதலன் நிற்கிறான். அவளுக்குத் தசைப்பிடிப்பு வந்திருப்பதாக வசனமும் இருக்கிறது. லிக்டென்ஸ்டைன் காதலனை வெட்டினார், வள்ளத்தை வெட்டினார், தசைப்பிடிப்பையும் வெட்டினார். காதலனின் பெயர் மால் என்றிருந்ததை பிராட் ஆக்கினார். காரணம் போய்விட்டது, வெறும் பிடிவாதமும் கண்ணீரும் மிஞ்சின. அலையைப் பார்த்தால் ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் அலை ஞாபகம் வரும். அதை அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒரு தொடர்கதையின் நடுக்கட்டம், முன்பின் இல்லாத தனிப்படமாக மாறிவிட்டது. மூலத்தையும் இதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எடுத்ததும் மாற்றியதும் ஒவ்வொன்றாகத் தெரியும். இணையத்தில் இரண்டும் கிடைக்கும், தேடிப் பாருங்கள்.

சும்மா விட்டுப்போக முடியாத ஒரு பக்கம் இதில் இருக்கிறது. லிக்டென்ஸ்டைன் உலகப் பெயர் பெற்றார். அப்ரூட்சோவை யாருக்குத் தெரியும்? கொமிக்ஸ் கீறியவர்களுக்கு அந்தக் காலத்தில் பக்கக் கூலிதான், பல இதழ்களில் பெயர்கூடப் போடமாட்டார்கள். இன்றைக்கும் இதைப் பற்றிச் சண்டை ஓயவில்லை, எனக்கும் மனம் முழுதாக ஒப்பவில்லை. உங்கள் தம்பியின் கூத்து ராசா யாரோ எடுத்த போட்டோவின் மேல் கீறியதாக இருந்தால், போட்டோ எடுத்தவரையும் வேஷம் கட்டியவரையும் கேட்டு, பெயரையும் போடச் சொல்லுங்கள். நம் ஊரில் அது கூத்துப் பழக்குகிற ஒரு அண்ணாவியாரின் வீட்டுக் கதவைத் தட்டுகிற தூரந்தான்.

இனி மீன்ரினுக்கு வருவோம். எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம்.

வோர்ஹோலுக்கு அந்தச் சூப் தன் மதியச் சாப்பாடு. வருடக்கணக்கில் அதையே குடித்ததாகச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் எந்தச் சுப்பர் மார்க்கெட்டிலும் ஒரே ருசி, ஒரே லேபல். மட்டக்களப்பில் மீன்ரினுக்கு அந்த அர்த்தம் கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் இருந்துகொண்டு ரின்னில் அடைத்த மீனைச் சாப்பிடுகிற ஊர் நாங்கள். எப்போது சாப்பிட்டோம்? 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு, 2004 சுனாமிக்குப் பிறகு, 2011 ஜனவரி வெள்ளத்தில், நடுவில் வந்த ஒவ்வொரு இடப்பெயர்விலும். அரிசி, பருப்பு, சீனி, மீன்ரின் என்று நிவாரணப் பொதியில் வரும். சுனாமிக்குப் பிறகு கொஞ்சக் காலம் கடல் மீனைத் தொடவே மாட்டோம் என்றிருந்த வீடுகள் இங்கே எத்தனையோ. அந்த வீடுகளின் அடுப்பில் அப்போது வெந்தது ரின்மீன்.

அப்படியென்றால் தம்பி வரைந்த ரின் அடுக்கில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். ரோஸ் பின்னணி, பளிச்சென்ற லேபல், கடைத் தட்டு போல ஒழுங்கு என்று அவர் நின்றுவிட்டால் அது வோர்ஹோலின் நிழல் மட்டுந்தான். சூப்பை எடுத்துவிட்டு மீனைப் போட்டிருக்கிறார், படத்தில் நம் ஊர் இன்னும் வரவில்லை. அதே ரின்களைப் பள்ளிக்கூட மண்டபத்து வாங்குக்குக் கீழே அடுக்கினால்? லேபலில் மீன் படத்துக்குப் பதிலாகக் குடும்ப அட்டை இலக்கம் இருந்தால்? ரோஸ் நிறத்தையே வைத்துக்கொள்ளலாம். சந்தோஷமான நிறத்தில் சந்தோஷமில்லாத விஷயம் என்பது பொப் கலையின் பழைய வித்தை, இன்றைக்கும் பலிக்கும். நான் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை. பார்க்கிறவராக உங்களுக்குச் சொல்கிறேன்: ஒரு சாமானைப் படத்தில் கண்டால், அந்தச் சாமான் உங்கள் வீட்டுக்கு எந்த வழியால் வந்தது என்று யோசியுங்கள். பிறகு, ஓவியருக்கு அந்த வழி தெரிந்திருக்கிறதா என்று படத்தில் தேடுங்கள்.

இந்த விஷயத்தை நன்றாகச் செய்தவர் ஒருவர் நம் நாட்டிலேயே இருக்கிறார், சந்திரகுப்த தேனுவர. போர்க்காலத்தில் தெருவோரம் சோதனைச் சாவடிகளில் நின்ற தார்ப்பரல்கள் ஞாபகம் இருக்குமே. மண்ணோ சீமெந்தோ நிரப்பி, இராணுவ உடுப்பின் பச்சை மண்ணிறத் திட்டுகள் பூசி வைத்திருப்பார்கள். 1997இல் அவர் அந்தப் பரலை அப்படியே கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்தார், பரலிசம் என்று அதற்குப் பெயரும் வைத்தார். வோர்ஹோல் சூப் ரின்னுக்குச் செய்ததை இவர் பரலுக்குச் செய்தார் என்று மேலோட்டமாகச் சொல்லலாம். தினமும் பார்க்கிற உருளை, ஒரே வடிவம், திரும்பத் திரும்ப. ஆனால் கொழும்பில் அந்தப் பரலைத் தாண்டிப் போனவனும், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி இறங்கி நடந்து தாண்டியவனும் ஒரே பரலைப் பார்க்கவில்லை. மட்டக்களப்புக்காரர் ஒருவர் அந்தப் படைப்புக்கு முன்னால் நின்றால், எந்த விமர்சகரும் எழுதிக் கொடுக்காத குறிப்பு ஒன்று அவர் உடம்பிலேயே இருக்கிறது. பொப் கலை என்றால் விளையாட்டு, கொண்டாட்டம், கலர் என்று மட்டும் நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இந்தப் பரலைத்தான் காட்டுவேன்.

கொஞ்சம் இளகிய உதாரணம் வேண்டுமென்றால் இந்தியாவின் பூபென் கக்கர். கணக்காளராகப் படித்தவர், பரோடாவில் இருந்துகொண்டு பகலில் கணக்கு எழுதிவிட்டு மற்ற நேரத்தில் ஓவியம் வரைந்தவர். ஆரம்பத்தில் சாமிப் படங்களை வெட்டி ஒட்டினார். 1972இல் சலூன், மணிக்கூடு திருத்தும் கடை என்று சின்னக் கடைக்காரர்களை வரைந்தார். நாள்காட்டிப் படத்தின் தித்திப்பான நிறங்களை அப்படியே எடுத்துக்கொண்டார். கடைக்காரரின் முகத்தில் மட்டும் நாள்காட்டியில் ஒருநாளும் வராத ஒரு தனிமையை வைத்தார். மாற்றியது அந்த ஒன்றைத்தான். 2016இல் லண்டன் டேட் மொடர்ன் கலைக்கூடத்தில் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தார்கள். எங்கள் வீட்டுச் சாமி அறையில் தொங்கிய சிவகாசி நாள்காட்டிகளுக்கும் ஒரு பரம்பரை இருக்கிறது. கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும்தான் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு வீடுகள் வரை வந்து சேர்ந்தன. சாமி எப்படி இருப்பார் என்று கண்ணை மூடினால் நமக்கு வருகிற முகமே பெரும்பாலும் அவர்கள் தந்ததுதான். அப்படிப்பட்ட படங்களைத் தாழ்வாகப் பார்க்கிற சித்திர ஆசிரியர்கள் எனக்கும் வாய்த்தார்கள், அதை விடுவோம்.

கைவேலைக்கு வருவோம். எதை மாற்றினார் என்பது கருத்தில் மட்டும் தெரிவதில்லை, கோட்டிலும் மையிலும் தெரியும். ஸ்கிரீன் பிரிண்ட் கடையில் நின்றவனுக்கு வோர்ஹோலின் மர்லின் மன்றோ படங்கள் ஒரு தனி விருந்து. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, அதில் போட்டோ ஏற்றியிருக்கும். ரப்பர் விளிம்பு வைத்த கட்டையால் மையை இழுக்கிறோம். மை காய்ந்து துணியின் கண்கள் அடைபட்டால் அடுத்த பிரதியில் முகம் மங்கும். மை கூடிவிட்டால் கறுத்து அப்பிக்கொள்ளும். நிறம் ஒரு சட்டம், கறுப்பு இன்னொரு சட்டம் என்பதால் இரண்டும் சரியாகப் பொருந்தாவிட்டால் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு வழுவும். எங்கள் முதலாளி இப்படி வந்த கல்யாணக் கார்ட்டைக் கிழித்துப் போடுவார். வோர்ஹோல் அதைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டார். 1962 ஓகஸ்டில் மர்லின் இறந்தார். அதன் பிறகு செய்த இரட்டைப் படத்தில் இடது பாதியில் 25 முகங்கள் கலரில், வலது பாதியில் 25 முகங்கள் கறுப்பு வெள்ளையில். வலது பக்கத்தில் ஒரு வரிசை கறுத்து அப்பிக்கிடக்கிறது, ஓரத்துக்குப் போகப்போக முகம் கரைந்து இல்லாமலே போகிறது. கடையில் பிழை என்று ஒதுக்குகிற இரண்டும் அங்கே மரணத்தைச் சொல்லிவிட்டன. ஒரு சொல் விளக்கம் தேவைப்படவில்லை.

புள்ளிகளும் அப்படித்தான். பழைய வாரப் பத்திரிகைக் கலர்ப் பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியுமே. போட்டோவை அச்சடிக்கும்போது புள்ளி சிறிதும் பெரிதுமாக இருக்கும். கொமிக்ஸில் வெளிர் நிறம் கொடுக்க ஒரே அளவுப் புள்ளியைப் பரப்புவார்கள், பெஞ்சமின் டே என்ற அச்சுக்காரரின் பெயரில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த முறை. லிக்டென்ஸ்டைன் அந்தப் புள்ளியைத் துளைத்தகடு வைத்துப் பெரிதாக்கி வரைந்தார். மலிவான அச்சின் அடையாளத்தை எடுத்து மனித முகத்தின் தோலாக்கினார், அதற்கு ஒரு காரணம் இருந்தது. இன்றைக்கு டெப்லெட்டில் ஒரு பொத்தானை அமத்தினால் எந்தப் படத்துக்கும் புள்ளி விழும், பழைய தாளின் மஞ்சளும் விழும். காரணமில்லாமல் விழுந்த புள்ளி வெறும் சோடனை. கண்காட்சியில் புள்ளியைக் கண்டால், அதை எடுத்துவிட்டால் படத்துக்கு ஏதாவது குறையுமா என்று மனதுக்குள் எடுத்துப் பாருங்கள்.

கூலிங்கிளாஸ் போட்ட கூத்து ராசாவைப் பற்றி உண்மையைச் சொன்னால் தம்பி கோபிப்பார். மோனாலிசாவுக்குக் கூலிங்கிளாஸ், புத்தருக்கு ஹெட்போன், பிரிடா காலோவுக்குச் சுவிங்கம் என்று உலகம் முழுக்க ரீசேர்ட்டில் வந்துவிட்டது. பழையதின் மேல் புதியது ஒன்றை மாட்டிவிடுவது மிகச் சுலபமான மாற்றம், எந்த ஊருக்கும் பொருந்தும், ஆகவே எந்த ஊருக்கும் சொந்தமில்லை. இத்தனைக்கும் வடமோடி என்கிற கூத்துவகையில் ராசாவின் உடுப்பே ஒரு பெரிய வரைகலைப் பாடம். விரிந்து நிற்கிற கரப்புடுப்பு, கண்ணாடித்துண்டு மின்னுகிற முடி, முன்னால் நின்று பார்த்தால் ஒரே பெரிய வடிவம். பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் வட்டக்களரியைச் சுற்றிக் கடைசி வரிசையில் குந்தியிருப்பவனுக்கும் ராசா ராசாவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். இரவு முழுக்க அந்தப் பாரத்தோடு ஆடுகிறவனின் வியர்வையும் அதற்குள் இருக்கிறது. கூலிங்கிளாஸ் இந்த இரண்டையும் மறைத்துவிட்டது. அதைக் கழற்றிவிட்டு, உடுப்பை இன்னும் தட்டையாக, இன்னும் பெரிதாக, மூன்றே நிறத்தில் கீறிப் பார்க்கலாம்.

மீன் விஷயம் வேறு. அதைப் பார்த்துத்தான் எனக்கு உங்கள் தம்பி மீது நம்பிக்கை வந்தது. நிலாக் காலத்தில் வள்ளத்தில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து மீன் பாட்டுக் கேட்பது எங்கள் ஆட்களின் வழக்கம். இங்கே மனிதன் காதில் வைக்கிற துடுப்பு மீனின் காதில் ஹெட்போனாக மாறிவிட்டது. பாட வேண்டிய மீன் யாருடைய பாட்டையோ கேட்டுக்கொண்டு சும்மா கிடக்கிறது. 2013இல் புதிய பாலம் திறந்த பிறகு மேலே வாகனச் சத்தம்தான் கேட்கிறது, கீழே மீனும் பாடவில்லை என்று வாசிக்க இடமிருக்கிறது. இது கூலிங்கிளாஸ் போன்ற மாட்டல் இல்லை. ஊரின் கதையை உள்ளேயிருந்து திருப்பிப் போட்டிருக்கிறார். ஒரே குறை, நீங்கள் அனுப்பிய படத்தில் மீன் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டால் படம் ஒரு படி மேலே போகும் என்பது என் அபிப்பிராயம்.

பத்திரிகைக்கும் புத்தகத்துக்கும் கீறுகிற விளக்கப்படத்தை இன்னொரு கண்ணால் பார்க்க வேண்டும். சுவரில் தொங்குகிற ஓவியத்துக்கு நேரம் இருக்கிறது, விளக்கப்படத்துக்கு இல்லை. கதைக்குப் பக்கத்தில் சின்ன இடத்தில் நின்று, பக்கத்தைப் புரட்டுகிறவனை ஒரு நொடி பிடித்து நிறுத்த வேண்டும். அம்புலிமாமா வாசித்தவர்களுக்குச் சங்கரின் விக்கிரமாதித்தன் மறக்காது. தோளில் பிணம், கையில் உருவிய வாள், கறுத்த காடு. உள்ளே ஒன்றையும் வரையாமல் கறுப்பு மையால் நிரப்பிவிட்டாலும் அந்த உருவம் யாரென்று சின்னப்பிள்ளை சொல்லும். இதை இன்றைய படங்களிலும் சோதிக்கலாம். கைத்தொலைபேசியில் படத்தைப் பெருவிரல் நக அளவுக்குச் சுருக்குங்கள். அந்த அளவிலும் என்ன நடக்கிறதென்று தெரிகிறதா? பிறகு முழுத்திரைக்கு விரியுங்கள். விரித்த பிறகு புதிதாக ஏதாவது கிடைக்கிறதா? சுருக்கினால் குழம்புவதும், விரித்தால் வெறுமையாக இருப்பதும் இரண்டாந்தர வேலை. கோபுலுவின் விகடன் படங்கள் சின்னதாகவும் நிற்கும், பெரிதாக்கினால் ஒரு நாதஸ்வரக்காரரின் விரல் எப்படி மடங்குகிறது என்பதுவரை கிடைக்கும்.

இன்றைய டிஜிட்டல் விளக்கப்படங்களில் ஒரு வியாதி பரவியிருக்கிறது. நீண்டு வளைந்த கைகால், குண்டூசித் தலை, கண் மூக்கில்லாத முகம், ஊதா அல்லது நீலத் தோல். 2017இல் பேஸ்புக் கம்பனிக்காக ஒரு நிறுவனம் உருவாக்கிய பாணியோடு இது உலகம் முழுக்கப் பிரபலமானது. எந்த இனத்துக்காரரும் கோபிக்கக்கூடாது என்று தோலுக்கு இல்லாத நிறத்தைக் கொடுத்தார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் வாகரைப் பக்கத்துப் பெண்களுக்குக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லும் துண்டுப்பிரசுரத்திலும் அதே ஊதா மனுசி, கையை ரப்பராக வளைத்துக்கொண்டு நின்றால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்தப் பெண் சேலையை எப்படிச் செருகுவாள், குடத்தை எந்த இடுப்பில் வைப்பாள் என்று பார்த்துக் கீறினால் அந்தத் துண்டை யாராவது வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். மட்டக்களப்பில் நீண்ட காலமாக இயங்கும் கமலா வாசுகி போன்றவர்கள் பெண்களைப் பற்றியே வரைந்து வருகிறார்கள், அவர்களின் வேலையைத் தேடிப் பார்த்துவிட்டு அந்தத் துண்டுப்பிரசுரத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

கண்ணைப் பழக்க எங்கே போவது? கல்லடியிலேயே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. மாணவர் கண்காட்சி நடந்தால் தவறவிடாதீர்கள், படத்துக்குப் பக்கத்தில் நிற்கிற பிள்ளையிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். கொழும்புக்குப் போனால் 2019இல் தொடங்கிய நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகம், விளக்கங்கள் தமிழிலும் உண்டு. 1993இலிருந்து நடக்கிற கலா பொல சந்தையில் தெருவோரமாகவே நூற்றுக்கணக்கான ஓவியர்களைப் பார்க்கலாம், நிறையக் குப்பையும் பார்க்கலாம், அதுவும் பழக்கம்தான். காசில்லாமல் பார்ப்பதென்றால் மருதமுனைக் கைத்தறிக் கடைகளுக்குப் போங்கள். சாரத்திலும் சேலையிலும் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறத்தைப் போட்டால் கண் துள்ளும் என்று அந்த நெசவுக்காரருக்குத் தெரிந்த அளவுக்கு, கன்வஸில் நிறம் கொட்டுகிற பலருக்குத் தெரியாது.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். கண்காட்சிக் கன்வஸ் கட்டாது என்றால் பிரிண்ட் வாங்குங்கள். ஆனால் நாலு விஷயம் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். எத்தனை பிரதி அடிக்கப்போகிறார், அதில் உங்களுடையது எத்தனையாவது? 3/25 என்று பென்சிலில் எழுதிக் கையெழுத்தும் இருந்தால் 25 பிரதியில் மூன்றாவது என்று பொருள். எந்த மை? சாதாரண மை மட்டக்களப்பு வெயிலில் சீக்கிரம் வெளிறும், நிறத்தூள் மை நின்றுபிடிக்கும். எந்தத் தாள்? அமிலமில்லாத பருத்தித்தாள் மஞ்சளாகாது. திரையில் பார்த்த அந்தக் கண்ணைக் குத்துகிற ரோஸும் பச்சையும் தாளில் அப்படியே வராது. வெளிச்சத்தால் உண்டாகும் நிறத்தை நாலு மை கலந்து பிடிக்க முடியாது. ஆகவே தொலைபேசியில் காட்டி விற்றால் நம்பாமல் அச்சடித்த பிரதியையே கையில் வாங்கிப் பாருங்கள். ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் இந்தக் குறை குறைவு, மினுங்கும் நிறத்தையே நேரடியாக மையாக வாங்கி இழுக்கலாம்.

மாட்டுகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன், கல்லடி வீடு என்கிறீர்கள். கடல் பக்கத்து யன்னலுக்கு நேரே வேண்டாம், உப்புக்காற்று சட்டத்து ஆணியையே தின்றுவிடும். மார்கழி மழையில் ஓதம் ஏறுகிற சுவரும் வேண்டாம். சட்டத்தின் பின்பக்கம் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்றுப் போகும், பூஞ்சணம் பிடிக்காது. கண்ணாடி படத்தில் நேரடியாக முட்டாமல் நடுவில் தடித்த மட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். தம்பியின் மீன் படத்தையே முதலில் அச்சடித்து மாட்டுவதாக இருந்தால், சிரிப்பை எடுத்த பிரதி ஒன்று, எடுக்காத பிரதி ஒன்று என்று இரண்டாக அடித்து அப்பாவின் கதிரைக்கு எதிரே வையுங்கள். எதைக் கழற்றச் சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.